நடுவுல ஒரு வருசம்

“ஜப்பான்காரன் எந்த வருசம் மொதப் பொம்மப்படம் எடுத்தா எனக்கென்னம்மா? நான் பாட்டுக்குத் திண்டுக்கல்ல டைப் அடிச்சுப் பொழைக்கிறவன். மூணு நாளா… மூணு நாளா ரெண்டு புஸ்தகத்தப் பொரட்டிக்கிட்டுக் கெடந்தேன்! உக்காருங்க, உங்களுத எடுத்துத் தாரேன், செத்த நேரம்.”

முஹ்சினா உட்கார்ந்தாள். தன் ஆய்வேட்டை அந்த டைப்பிங் கடையில் அடிக்கக் கொடுத்திருந்தாள். வாங்கிப் போக வந்திருந்தாள். கடைக்காரர் செபஸ்தியானுக்கோ எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்தால் போதும், கைவேலை நின்றுவிடும்.

“செம்பட்டிப் புள்ள ஒண்ணு, கீர்த்தனான்னு, பி.எச்டி பண்ணுது. எதப் பத்தி? நல்லாக் கேட்டீங்க! அனிமேவாம். எனக்கு என்ன தெரியும், அனிமியான்னு நெனச்சு, ‘ரத்தத்தப் பத்தியாம்மா?’ன்னு கேட்டுட்டேன். மொறச்சுச்சு பாருங்க ஒரு மொற! ஜப்பான் பொம்மப்படமாம். எந்தெந்தப் புஸ்தகத்துல இருந்து எடுத்தேன்னு பட்டியலு மட்டும் இருவது பக்கம். நானும் அடிச்சுக்கிட்டே வாரேன்… மொதப் படம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழுன்னு ஒரு புஸ்தகம் சொல்லுதாம். அடுத்த வரியிலயே, இன்னொரு புஸ்தகம் பதினேழுங்குதாம். ஏம்மா, படிக்கிறவன் எதத்தான் நம்புவான்?

போனப் போட்டேன், எடுக்கல. எங்கூர்ல வரப்புத் தகராறுன்னா என்ன செய்வாக? ரெண்டு பேருக்கும் நடுவுல கல்ல நட்டு, போய் வேலையப் பாருங்கடான்னுருவாக. நானும்… பன்னெண்டுன்னு போட்டுட்டேன்.”

செபஸ்தியான் கீபோர்டில் இல்லாத தூசியை ஊதினார்.

“அப்பிடிப் பாக்காதீங்க. நல்ல எண்ணத்துலதேன் செஞ்சேன்! அந்தப் புள்ளையும் படிச்சுப் பாக்காமக் கைடுகிட்டக் குடுத்துருச்சு. அவரு கேட்டாராம், ‘இந்தப் பன்னெண்டு எந்தப் புஸ்தகத்துலம்மா இருக்கு?’ எதுல இருக்கும்? என் மண்டையிலதேன் இருக்கு! ‘இப்பிடித்தான் மத்ததையும் எழுதுனியா?’ன்னு மொத்தத்தையும் திருப்பிக் குடுத்துட்டாராம். நாலு வருசப் பாடு. இங்கன உக்காந்து அழுதுச்சும்மா. அன்னைக்கு எனக்குத் தண்ணி எறங்கல.

அழுது முடிச்சு, பையில இருந்து ரெண்டு புஸ்தகத்தையும் டம்முனு டேபிள்ல வச்சுச்சு. ‘அண்ணே, ரெண்டும் ஏன் வேற வேற சொல்லுதுன்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க’ன்னுச்சு. எனக்கு இங்கிலீசு அடிக்கத் தெரியும், படிக்க எவனுக்குத் தெரியும்? விடலையே! காலையில கடை தெறக்க முன்னாடி வாசல்ல நிக்கும்.

எழுத்தெழுத்தாக் கூட்டிப் படிச்சுப் பாத்தா… ரெண்டு பேரும் பொய் சொல்லலம்மா! ஏழுங்கிறவரு, பழைய சாமானோட சாமானாக் கெடச்ச ஒரு துண்டு பிலிமக் கணக்குல எடுத்துருக்காரு. அதையும் ‘ஏழு வாக்குல’ன்னுதேன் சொல்றாரு, அடிச்சுச் சொல்லல. பதினேழுங்கிறவரு, தேட்டர்ல ஓட்டுனத மட்டும் பாத்துருக்காரு. அம்புட்டுத்தேன் சங்கதி! ஓடிப்போயி அந்தப் புள்ளகிட்டச் சொன்னா, ‘இதத்தானண்ணே அடுத்த பத்தியில எழுதிருந்தேன்’ங்குது. அந்தப் பத்தியா… அதான் பன்னெண்டுன்னு முடிவாயிருச்சேன்னு, நாந்தேன் தூக்கிட்டேன்.”

முஹ்சினா நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள்.

“பயப்படாதீங்க, எல்லாம் பழையபடி போட்டாச்சு. நேத்து கைடு கையெழுத்தும் போட்டுட்டாரு. ‘அண்ணே, இனிமே இருக்கிறத இருக்கிறபடி அடிங்க’ன்னு அந்தப் புள்ள கும்பிட்டுட்டுப் போச்சு. திருந்திட்டேம்மா. சத்தியமாத் திருந்திட்டேன்.

உங்களுதா? இந்தா, பைண்டிங்கே முடிஞ்சுருச்சு. பூ ஏவாரத்தப் பத்தி அருமையா எழுதிருக்கீங்க. என்ன… உங்களுத நான் போன வாரமே அடிச்சுட்டேன். திருந்துறதுக்கு முன்னாடி. நாப்பத்திரண்டாம் பக்கத்துல, பூவ விடிகாலையில பறிக்கணும்னு ஒருத்தரு, சாயங்காலம் பறிக்கணும்னு ஒருத்தரு சொல்றதா எழுதிருந்தீங்கள்ல? அதுல ஒரு சின்ன… உச்சிவேளைன்னு போட்டுருக்கேன்.”

முஹ்சினா ஏட்டை அவர் கையிலிருந்து வாங்கி, பேனாவைத் திறந்து, முதல் பக்கத்திலிருந்து வரி வரியாகப் படிக்கத் தொடங்கினாள்.

செபஸ்தியான் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து சொன்னார்:

“மொத ஒம்பது பக்கத்த விட்டுருங்கம்மா. அதுல நான் கையே வைக்கல.”