வெற்றிடத்துள் ஒன்பது பேர்

அவைத்தலைவர் அவர்களே! மேடை அமர்ந்த சான்றோரே! வாவியின் இரு கரையிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் உறவுகளே!

ஒரு குறையைச் சொல்லியே தொடங்குகிறேன். உலக வரைபடம் ஒன்றில் நம் மாவட்டத்தை வெறுமையாய் விட்டிருந்தார்கள். தண்டுவட மரப்பு நோய் எங்கெங்கே எத்தனை பேருக்கு என்று காட்டும் படம் அது. நரம்பின் உறை தேய்ந்து, கண் மங்கி, கால் தளரும் நோய். குளிர்நாடுகளில் மிகுதி, நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் குறைவு. உண்மைதான்! ஆனால் குறைவென்றால் இல்லையென்று பொருளா? எண்ணிப் பார்த்தா சொன்னார்கள்?

எண்ணிப் பார்த்தவர் ஒருவரே. முப்பத்தோராண்டு தாதியாய்த் தொண்டாற்றி, சென்ற வாரம் நம்மைப் பிரிந்த அன்னப்பூரணி அம்மையார்! ஊரார் வாயில் ‘மிஸ்ஸி’!

ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டு. தேற்றாத்தீவில் வதனி என்றொரு மருமகள். நண்பகலில் அவளுக்குக் கால் இழுக்கும். வாவியில் இறங்கி உடல் குளிர்ந்தால் எழுந்து நடப்பாள். மாமியார் விடுவாரா?

“வெயிலுக்குள்ள கால் வராதாம், ஆத்துக்குள்ள இறங்கினா மறுகா துள்ளுவாவாம்! வேளாண்மை வெட்டி முடியட்டும் மிஸ்ஸி, இந்த வருத்தமும் பறந்திரும்!”

“ஓமக்கா, நடிப்பாத்தான் இருக்கும். நாளைக்கும் இதே நேரம் நடிக்கச் சொல்லுங்க. நான் பார்க்க வாறன்.”

வந்தார்! ஐந்து நண்பகல் மிதிவண்டியில் வந்தார். வெயிலில் தளர்வதையும் ஈரத்துணியில் தேறுவதையும் குறித்தார். ஐந்தாம் நாள் அந்த ஈரத்துணியைப் பிழிந்து கொடுத்தவர் யார்? அதே மாமியார்! பிறகு கொழும்புப் பயணம். ஏழு சோதனைச் சாவடி, ஏழிலும் இறங்கி நடை. அங்கே ஸ்கேனில் எடுத்த மூளைப்படம் உண்மையைச் சொன்னது: அதே நோய்! மிஸ்ஸியின் ஏட்டில் முதற்பெயர் ஏறியது.

பத்தாம் பெயர், வாகரைச் சீனித்தம்பி அண்ணன். பேரலை தூக்கி எறிந்த மீனவர். கால்கள் மரத்துப் போயின. படம் காட்டியதோ வேறு: முதுகெலும்பில் பழைய அடி! மிஸ்ஸி என்ன செய்தார்? ஒரே கோட்டில் பெயரை வெட்டி, அருகில் ‘என் பிழை’ என்று எழுதினார். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவோர் எத்தனை பேர்! உண்மைக்காகக் குறைத்தவர் எத்தனை பேர்? வெட்டியதோடு விட்டாரா? அறுவை மருத்துவம் வரை அழைத்துச் சென்றார். இன்று வாயிலில் அண்ணன் என் கையைப் பிடித்துச் சொன்னார்: “ஐயா, மத்தாக்கள் மிஸ்ஸி எழுதின ஆக்கள். நான் மிஸ்ஸி வெட்டின ஆள்!” அதோ, தன் காலில் நிற்கிறார்!

போர் முடிந்து துவக்குகள் ஓய்ந்தபின் தலைநகரில் மருத்துவர் கூட்டம். அங்கேதான் அந்த வரைபடம் தொங்கியது. பின்வரிசையில் மிஸ்ஸி எழுந்தார்.

“ஐயா, அந்த வெள்ளைக்குள்ள ஒம்பது பேர் இருக்காங்க. ஒராள் என்னோட பஸ்ஸில வந்திருக்கா. எழும்பு புள்ள!”

ஊன்றுகோலோடு வதனி எழுந்தாள். உரையாற்றியவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார், ஏட்டைப் படித்தார், நம் கரையோரத்தில் தம் கையால் ‘ஒன்பது’ என்று எழுதினார். அந்த மகிழ்ச்சியைக் கண்டபின்தான் அம்மையார் கண்மூடினார். நிறைவான வாழ்வு! அதற்கு ஒப்பாரி எதற்கு?

அவர் ஏடு இதோ, இந்த மேசையில். காத்தான்குடி நெசவாளி ஹஸீனா இந்த அவையில் இருக்கிறாள். அவளுக்குக் கண் மங்கி எட்டு மாதம். திங்கட்கிழமை காலை ஆறு மணிப் பேருந்தில் மூளைப்படத்துக்குப் போகவேண்டும். தவறினால் நான்கு மாதக் காத்திருப்பு. துணைக்குப் போக இருந்தவர் அன்னப்பூரணி. அவள் பெயர் ஏட்டில் ஏறலாம், வெட்டவும் படலாம். பாராமல் விடலாமா?

ஊர்தோறும் எண்ணும் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறுகிறோம். அந்த உறுதி திங்கட்கிழமை தொடங்கட்டும். நலத்துறை அலுவலர்களே, இளைய தாதியரே! ஹஸீனாவோடு போவது யார்? கைதட்ட வேண்டாம். எழுந்து நில்லுங்கள்!