தேவாலயத்துக்குப் பின்னாலிருந்து நான்கு எறிகணைகள்

பர்மாவின் இந்தக் கரேன் மலையில் எங்கள் சனங்களைப் போல விருந்தோம்பல் அறிந்தவர்களைப் பார்க்க முடியாது, ஐயா. யார் வந்தாலும் வெற்றிலைத் தட்டை நீட்டிவிட்டுத்தான் பெயரைக் கேட்பார்கள். எனக்கு எரிச்சலே அதில்தான்.

நம் இயக்கத்தின் தலைமையகத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள். எங்கள் நிலையையும் பாருங்கள். வடக்கே இருக்கும் போராளிப் படையிடம் தேக்கு இருக்கிறது. எல்லைக்கு அப்பால் விற்றுத் துப்பாக்கி வாங்கிக்கொள்கிறார்கள். ஊர்க்காரன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கிழக்கே உள்ளவர்கள் அரசோடு சமாதானம் பேசிவிட்டுச் சாலையில் சுங்கம் பிரிக்கிறார்கள். எங்களிடம் இருந்தது சனங்கள் மட்டுமே. அதனால் நல்லவர்களாக இருந்தோம். பிரசவம் பார்த்தோம், மருந்து கொடுத்தோம், வரப்புச் சண்டை தீர்த்தோம், வாங்கிய அரிசிக்கு நன்றி சொன்னோம். ஒன்பது வருடம். அரிசி வந்தது. படையில் சேர ஆள் வரவில்லை.

லேதோ கிராமத்தின் தலைவி நோ எபோ, அடிவாரத்து அரசு ராணுவ முகாமுக்கும் கோழி கொடுத்தனுப்புவாள். நேரிலேயே கேட்டேன்.

"என்னக்கா, எங்களுக்கும் அவனுக்கும் ஒரே பந்தியா?"

"பசின்னு வந்தா போடுறோம் தம்பி. வாயில சோறு இருக்கிறவரைக்கும் ரெண்டு பேரும் சுட மாட்டீங்கல்ல?"

சிரித்தாள். கையோடு கருவாடும் கட்டிக் கொடுத்தாள். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு எப்படி ஐயா போர் நடத்துவது?

அடுத்த ஞாயிறு காலை, அவர்களுடைய தேவாலயத்துக்குப் பின்னாலிருந்து ராணுவ முகாமை நோக்கி நான்கு எறிகணைகள் அடித்தோம். ஒன்றும் யார்மேலும் விழவில்லை. விழ வேண்டிய தேவையும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும். உடனே காட்டுப் பாசறைக்குத் திரும்பிவிட்டோம். ராணுவம் வந்துசேர மதியமாகும் என்று நினைத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். அந்தத் தவறு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஐம்பத்தெட்டு வீடுகள், பதினேழு உயிர்கள்.

மிஞ்சியவர்கள் எங்களிடம்தான் ஓடிவந்தார்கள். இருபத்தாறு பேர் அன்றே துப்பாக்கி கேட்டார்கள். ஒன்பது வருட மருந்துக்குக் கிடைக்காதது அது. வந்தவர்களை நான் பட்டினி போடவில்லை. சூடாகச் சோறு தயாராக இருந்தது. நோ எபோ மட்டும் சாப்பிடவில்லை. தலைமுடி ஒரு பக்கம் கருகியிருந்தது. அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத்தனை பேருக்கு எப்போ உலை வச்சீங்க தம்பி?"

அவள் பக்கம் ஒரு தட்டை நீட்டினேன்.

"நாங்க ஓடி வர்றதுக்கு முன்னாடியேவா?"

பக்கத்தில் இருந்தவர்கள் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்தார்கள்.

அவள் ராணுவத்துக்குக் கோழி கொடுத்தது ஊரறிந்த உண்மை. உளவாளி என்று அறிவித்தேன். ஓடைப் பக்கம் கூட்டிப்போய் நானே சுட்டேன். அந்த மாதிரி வேலையை அடுத்தவன் தலையில் கட்டும் பழக்கம் எனக்கு இல்லை.

மற்றவர்களை நீங்களே விசாரியுங்கள். மனமுவந்துதான் எங்களோடு இருக்கிறார்கள். சுற்றிலும் காவல் போட்டிருப்பது ராணுவம் வராமலிருக்க. மழைச்சாரல் முகத்தில் அடிப்பதால்தான் காவலர்கள் உள்பக்கமாகத் திரும்பி நிற்கிறார்கள்.