சாணி மெழுகிய பாறை

பஸ்ஸில் ஒட்டுக்கேட்டதைச் சொல்லி ஒரு குடும்பத்தின் ஊற்றைக் கெடுத்தவன் நான். அது இரண்டாம் உலக யுத்தகாலம். காக்காப்பொன் என்கிற மைக்காவை வெட்டியெடுக்கும் குத்தகைதாரர் ஒருவரிடம் நான் வேலை பார்த்தேன். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய தருமபுரி பஸ்ஸில் வத்தல்மலைத் தம்பதி ஒன்று எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

"ஏம் புள்ள, பாறைக்கா சாணி மெழுகுன?" என்றார் கணவர்.

"காக்காப்பொன்னு வெயில்ல மின்னுது. தேடித் திரியற ஆளுங்க கண்ணுல பட்டுட்டா?"

"கோலம் போடலியா?"

"சிரிங்க. அதுக்கடியிலதான் நம்ம ஊத்து இருக்குது."

"கண்ணுல பட்டா, காசு குடுப்பாங்களே."

"காசயா குடிக்க முடியும்?"

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். சாணி மெழுகிய பாறை அந்த மலையில் வேறு எங்கே இருக்கும்? உடனே கண்டுபிடித்து வெட்டினார்கள். ஊற்று வற்றியது. யுத்தம் முடிந்ததும் குழியைத் திறந்தபடியே விட்டுப் போனார்கள்.

பிறகு என் செலவில் ஆள் வைத்துக் குழியை மூடினேன். தண்ணீர் திரும்பவில்லை. அந்த அம்மாளிடம் போய், சொன்னது நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை.

"அத எடுத்து என்னங்க பண்ணாங்க?" என்று கேட்டார்.

"ரேடியோவுக்குள்ளே வைப்பார்கள்."

"பேசறதுக்காங்க?" என்றார். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு மலையடி ஓடைக்கு இறங்கினார்.