மாதத்தில் மூன்று நாள்

கஸ்தூரி: ஏங்க, அந்த ஃபேன அஞ்சுல வைங்க.

ஹேமநாதன்: அஞ்சுலதான் ஓடுது லா. வெளிய மழை வேற...

கஸ்தூரி: அப்ப எனக்கு மட்டும் ஏன் இப்படி வேர்க்குது?

ஹேமநாதன்: அடுப்புகிட்ட நிக்கிறவன் நான். ஹால்ல கால நீட்டி ஒக்காந்திருக்கிறவளுக்கு வேர்க்குதாம்!

கஸ்தூரி: மாசத்துல மூணு நாளு அடுப்படிக்கு வராதேன்னு சட்டம் போட்டது யாரு? உங்கம்மா. இருபத்தாறு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்ல?

ஹேமநாதன்: சட்டம் அம்மாவோடது, வேலை என்னோடது. சரி, ரசத்துக்கு உப்பு...

கஸ்தூரி: ஏன் அதட்டுறீங்க?

ஹேமநாதன்: உப்புன்னுதானே சொன்னேன்! ...அலமாக், என்ன இது, அழுறியா?

கஸ்தூரி: இல்ல. கண்ணு தானா... ஃபேன கொறைங்க, குளிருது.

ஹேமநாதன்: இப்ப குளிருதா! நேத்து பிஸ்கட் விளம்பரத்த பாத்து அழுத. முந்தாநாளு மூடி தொறக்கலன்னு ஊறுகா பாட்டில நிக்க வச்சு திட்டுன. தூக்கமும் இல்ல. நாளைக்கு உலு திராம் டவுன்ல இருக்கிற கிளினிக்குக்குப் போலாம்.

கஸ்தூரி: வேணாம்.

ஹேமநாதன்: நானும் கூட உள்ள வரேன்...

கஸ்தூரி: நீங்க உள்ள வரவே வேணாம்!

ஹேமநாதன்: ஏன்? டாக்டரம்மா என்ன கேக்கப்போறாங்க? கடைசியா எப்ப வந்துச்சுன்னு கேப்பாங்க. இப்பத்தான், மூணாவது நாளுன்னு சொல்லிட்டுப் போறோம்.

கஸ்தூரி: ரசம் பொங்குற வாசனை வருது, பாருங்க.

ஹேமநாதன்: நாளைக்கு மூணாவது நாள்தானே?

கஸ்தூரி: ஏங்க... அடுப்ப அணைச்சிட்டு இங்க வாங்களேன்.

ஹேமநாதன்: அணைச்சாச்சு. சொல்லு.

கஸ்தூரி: நின்னு போச்சுங்க. ஒம்பது மாசமாச்சு.

ஹேமநாதன்: கொஞ்சம் தள்ளு, நானும் ஒக்கார்றேன்.

கஸ்தூரி: சொன்னா, கெழவி ஆயிட்டான்னு நெனச்சிடுவீங்களோன்னு பயம். அப்புறம்... இந்த மூணு நாளும் போயிடும்ல? அதான் பொய் சொன்னேன். கோவமா?

ஹேமநாதன்: எனக்குத் தெரியும்.

கஸ்தூரி: என்ன தெரியும்?

ஹேமநாதன்: மாசாமாசம் கடையில பேடு வாங்கிட்டு வர்றவன் நான். பிரிக்காத பாக்கெட்டெல்லாம் அலமாரில உன் சேலைக்குப் பின்னாடி அடுக்கி இருக்கு.

கஸ்தூரி: ஐயோ! தெரிஞ்சுக்கிட்டேவா சமைச்சீங்க?

ஹேமநாதன்: மத்த நாள்ல நீ எல்லாருக்கும் போட்டுட்டு, நின்னுக்கிட்டே ரெண்டு வாய் சாப்பிடுற. இந்த மூணு நாளுதான் என் எதுக்க ஒக்காந்து சாப்பிடுற. அத நான் எதுக்கு விடணும்? நாளைக்கு டாக்டரம்மாகிட்ட உண்மைய சொல்லிடு. அடுத்த மாசம் எந்த மூணு நாளுன்னு மட்டும் என்கிட்ட முன்கூட்டியே சொல்லு... ஃபேக்டரில ஷிஃப்டு மாத்தணும்.