காற்று சொல்கிறவன்

மின்விசிறியை நிறுத்தியதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ரோஹானா. புழுக்கம் எனக்குப் பழகியதுதான். தலைக்கு மேலே காற்று சுற்றிக்கொண்டிருந்தால் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு வேகம் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும், எழுத ஓடாது. தமிழில் எழுதலாம், மொழிபெயர்ப்பவர் இருக்கிறார் என்றீர்கள். அதற்கும் நன்றி. மலாய் பேசுவேன், எழுதினால் பிழை வரும். பிழையோடு ஒன்றைக் கொடுக்க எனக்குக் கை வராது.

என் பெயர் பழனியப்பன். வயது ஐம்பத்தெட்டு. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு, ஒன்பதாவது மாடி. பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடமாக அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. மற்றவர்கள் அளந்தது சரியா தப்பா என்று நான் சொல்ல வேண்டும். நான் சொன்ன பிறகு அங்கே யாரும் மறுபடி அளந்து பார்ப்பதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.

துப்பாக்கி நான் சுடுவதில்லை. சுடுகிறவன் தயாளன். தொழிற்சாலையில் எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவன், என்னைவிடப் பதினேழு வயது இளையவன். அவனைத் துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கூட்டிப் போனதே நான்தான். எங்கள் திடலை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் குன்று, நடுவில் தொள்ளாயிரம் மீட்டர். அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் மூன்று மீட்டர் அகலமான குறிப்பலகை, கையை நீட்டிப் பிடித்த அரிசிக் குருணை அளவுதான் தெரியும். தோட்டா போய்ச் சேர ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் அது காற்றின் கையில்தான் இருக்கிறது.

அதனால்தான் சுடுகிறவன் பக்கத்தில் காற்று சொல்கிறவன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். வழி நெடுக நட்டிருக்கும் கொடிகளைப் பார்ப்பான். தரைக்கு மேலே நெளியும் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தூரக்கண்ணாடியில் பார்ப்பான். பார்த்துவிட்டு, “இடது மூணு” என்பான். மூணு என்றால் மூன்று மினிட், நேரமல்ல, கோண அளவு. தொள்ளாயிரம் மீட்டரில் ஒரு மினிட் என்பது ஒரு சாணுக்குச் சற்று மேல். சுடுகிறவன் துப்பாக்கி மேலிருக்கும் திருகை அந்த அளவுக்குத் திருப்புவான். ஒரு மினிட்டுக்கு நாலு கிளிக். பிறகு விசையை அழுத்துவான். அவன் யோசிக்கக் கூடாது. ஒரு தலை யோசிக்கும், ஒரு விரல் சுடும், அதுதான் முறை. ஒன்பது வருடம் தயாளனுக்கு அந்தத் தலை நான்.

காற்றை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் அடுக்குமாடியில் காயும் துணிகள். மூன்றாம் மாடிக் கைலி கடல் பக்கம் பறக்கும். அதே நேரத்தில் ஏழாம் மாடிக் கைலி மலைப் பக்கம் பறக்கும். வேலைக்குக் கிளம்புவதற்கு முன் தினமும் கால் மணி நேரம் கீழே நின்று பார்ப்பேன். பெண்களின் துணியைப் பார்க்கிறேன் என்று யாரோ என் மனைவியிடம் கோள் சொன்னார்கள். அவள் சிரித்துவிட்டாள். என்னைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

போன தீபாவளிக்குத் தயாளன் எனக்கு ஒரு காதுமூடி வாங்கிக் கொடுத்தான். வெடிச் சத்தத்தை அடைத்துவிட்டு, சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும் வகை. ரேடியோவும் அதற்குள்ளேயே இருக்கிறது. “உங்க காது எனக்கு வேணும்லா அண்ணே, பத்திரமா வச்சுக்குங்க” என்றான். நல்ல பிள்ளை. இதை நான் எங்கேயும் மறைக்கப்போவதில்லை.

அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த முதல் சனிக்கிழமை. திருகு இடது மூணில் இருந்தது. “இடது அஞ்சு” என்றேன். எட்டுக் கிளிக் கேட்க வேண்டும். ஐந்துதான் கேட்டது. தோட்டா நட்ட நடுவில் விழுந்தது. “சூப்பர் காத்து அண்ணே” என்றான் தயாளன்.

என் காதுதான் தப்பு என்று நினைத்தேன். அடுத்த வாரம் இன்னும் கவனமாக எண்ணினேன். பன்னிரண்டு கேட்க வேண்டிய இடத்தில் பதினான்கு. நாலு கேட்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பது வருடம் கேட்காத சத்தம் இப்போது கேட்கிறது. அப்படியென்றால் ஒன்பது வருடமும் இதுதான் நடந்ததா? அலமாரியில் இருக்கும் ஏழு கோப்பையில் எது என்னுடையது? கிளப்பில் எல்லோரும் “பழனி அண்ணன் காத்து” என்று தோளில் தட்டுவார்களே, அவர்களுக்கும் தெரியுமா? தெரிந்துகொண்டேதான் தட்டினார்களா? ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சிரிக்கிற முகம் எல்லாமே சந்தேகமாக இருந்தது.

சரிபார்ப்பது என் தொழில். அதனால் சரிபார்த்தேன். வேண்டுமென்றே இரண்டு மினிட் தப்பாகச் சொன்னேன். அவன் என் சொல்லைக் கேட்டிருந்தால் தோட்டா இரண்டு சாண் தள்ளி விழுந்திருக்க வேண்டும். நடுவில்தான் விழுந்தது. ஏழு தடவை, ஏழு வெவ்வேறு நாட்களில் அப்படிச் சொன்னேன். ஏழு தடவையும் நடுவில். ஒவ்வொரு தடவையும், “சூப்பர் காத்து அண்ணே.” எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்தேன். அந்த நோட்டு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. தன் தூரக்கண்ணாடியில் அவனே கானலைப் படித்திருக்கிறான். என்னைவிட நன்றாகவே படித்திருக்கிறான் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஏழாவது தடவை சொன்ன அன்று வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கமாலைப் பற்றிக் கேட்டீர்கள். குறிப்பலகைகளுக்குக் கீழே, கான்கிரீட் சுவருக்குப் பின்னால் ஒரு குழி இருக்கிறது. தோட்டா தலைக்கு மேலே போகும். பலகையை இறக்கி, ஓட்டையை அடைத்து, திரும்ப ஏற்றுவது கமாலின் வேலை. மற்ற நாட்களில் லிட்டில் இந்தியாவில் மாமனாரின் சாப்பாட்டுக் கடையில் இருப்பான். அங்கே ஒரு நாள் தேநீர் குடிக்கப் போனபோது, பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டேன்: தயாளன் சுடுவது யார் காற்றில் என்று குழியில் இருப்பவனுக்குத் தெரியுமா?

கமால் கிளாஸைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். “யார் காத்தா இருந்தா என்ன அண்ணே. நீங்க பக்கத்துல உக்காந்தா அவருக்கு ராசி. அது போதும்லா.”

ஆக, நான் ஒப்புக்குச் சப்பாணி. அதை அவன் கிண்டலாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னான். அதற்காகத்தான் அவனை ஏதோ செய்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. அன்று இரண்டாவது தேநீரும் அங்கேயே குடித்தேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமை. அடுத்த வாரம் மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி. மழை வரும் என்று மற்றவர்கள் வரவில்லை. தயாளன், நான், குழியில் கமால், மூன்று பேர்தான். காலை பதினொன்றரைக்குக் காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து அடித்தது. வாலாட்டுகிற காற்று என்போம். ஒரு நிமிடம் இடது, மறு நிமிடம் வலது. அதில் நடுவில் சுடுகிறவர்கள் இந்தத் தீவில் இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

தயாளன் சுட்டுக்கொண்டிருந்த நாலாம் பலகையின் மேல் ஓரத்தில் கிளிப் கழன்று குறித்தாள் படபடத்தது. காற்றில் சட்டம் சிக்கிக்கொண்டதால் பலகையை இறக்க முடியவில்லை. கமால் ஏணி வைத்துப் பின்பக்கமாக ஏறினான். முறைப்படி முதலில், சுடக் கூடாது என்று காட்டும் சிவப்புப் பலகையை ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை. எனக்குச் சொன்னால் போதும் என்று நினைத்திருக்கிறான். காதுமூடி ரேடியோவில் அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

“அண்ணே, நாலுக்குப் பின்னாடி ஏறி நிக்கிறேன். சுட வேணாம்னு சொல்லுங்க.”

“சரி தம்பி” என்றேன்.

ரேடியோவில் எதுவும் கேட்கவில்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னது பொய். ரேடியோ நன்றாகத்தான் இருந்தது. நான் வாய் திறந்து சொல்லாவிட்டால் தயாளனுக்கு எதுவும் தெரியாது. அவன் ரேடியோ வைத்துக்கொள்வதில்லை. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் வெள்ளைத் தாள் மட்டும்தான் தெரியும். காற்றை அவனே படித்துக்கொள்வான், அதற்கு நான் வேண்டாம். தாளுக்குப் பின்னால் ஆள் நிற்கிறானா என்பதற்கு மட்டும் நான் வேண்டும். அந்த ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது.

தயாளன் கேட்டான்: “கிளியரா அண்ணே?”

“கிளியர். வலது நாலு” என்றேன்.

இதைக் கவனமாகப் படியுங்கள். உண்மையான காற்று இடது நாலு. திருகு இடது இரண்டில் இருந்தது. அவன் என் சொல்லைக் கேட்டு வலது நாலு வைத்திருந்தால் தோட்டா எட்டுச் சாணுக்கு மேல் தள்ளிப் போயிருக்கும். பலகையையே தொடாமல் மண்மேட்டில் புதைந்திருக்கும். கமால் திடுக்கிட்டு இறங்கி வந்து என்னை நாலு வார்த்தை ஏசியிருப்பான். அவ்வளவுதான் நடந்திருக்கும். நான் யாரையும் கொல்லும்படி ஓர் அளவைச் சொல்லவில்லை.

இருபத்துநாலு கிளிக் கேட்க வேண்டும். எண்ணினேன். எட்டோடு நின்றுவிட்டது.

தயாளன் மூச்சை விட்டு நிதானப்படுத்திக்கொண்டான். அதற்கு அவனுக்கு எப்போதும் நான்கு விநாடி. பிறகு சுட்டான்.

தாளில் சிவப்பு படர்ந்தது, படபடப்பது நின்றது. நான் நோட்டை எடுத்து, சொன்னது வலது நாலு, வைத்தது இடது நாலு என்று எழுதினேன். அதன் பிறகுதான் எழுந்தேன். தயாளன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு அதற்குள் பாதித் தூரம் ஓடியிருந்தான்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். கமாலின் மனைவி சலேஹா என்னைப் பார்த்ததும், வீட்டில் உங்களைப் பற்றித்தான் அடிக்கடி பேசுவார் என்றாள். நல்ல பெண். அரிசி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு காத்திருந்தேன். எதற்கு என்று கேட்பீர்கள். தயாளன் வருவான், “அண்ணே, நீங்க சொன்னத நான் கேக்கல, கேட்டிருந்தா கமால் பொழைச்சிருப்பான்” என்பான் என்று காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. மூன்றாவது வாரம் வந்தான். பாதி உடம்பாகிவிட்டான். தூக்கம் இல்லை, துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், இனிமேல் தொடப்போவதில்லை என்றான். காப்பி கலந்து கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை.

“தயாளா, அன்னைக்கு நான் என்ன காத்து சொன்னேன்?”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “இடது நாலுன்னு சொன்னீங்க. நான் அதத்தான் வச்சேன். போலீஸ்லயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். உங்க பேரு கெடக் கூடாதுலா அண்ணே.”

ஓர் ஆளைக் கொன்றுவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் என்னைக் குழந்தை மாதிரி தட்டிக்கொடுக்கிறான், பாருங்கள். என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் யாரையும் வெறுத்ததில்லை. அவனை வாசல் வரை வழியனுப்பினேன். லிஃப்ட் வரும்வரை கூடவே நின்றேன்.

நேற்று நீங்கள் அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். ரேடியோ பழுது, விபத்து, யார் மேலும் குற்றம் இல்லை, இந்த வாரத்தோடு கோப்பு மூடப்படும். நான் பேசாமல் இருந்திருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். இன்று காலை பஸ் ஏறி நானாகத்தான் வந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

எழுத ஆரம்பிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டீர்கள்: உங்கள் சொல்லை அவர் கேட்க மாட்டார் என்று முன்பே தெரியுமா? தெரியும். எட்டாவது கிளிக்கோடு சத்தம் நின்றபோது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. தோட்டா எங்கே போகும் என்பதும், அங்கே நிற்பது யார் என்பதும் தெரியும். நான்கு விநாடி இருந்தது. “நிறுத்து” என்று சொல்ல அரை விநாடி போதும், என் வாய் அவன் காதுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் என் சொல்லை மீறினான் என்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

தண்டனை உங்கள் பாடு, நீதிமன்றத்தின் பாடு. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அறிக்கையின் நாலாம் பக்கத்தில், காற்று சொல்பவரின் அளவை அப்படியே பின்பற்றிச் சுட்டார் என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். என் பேச்சைக் கேட்டிருந்தால் கமால் இன்றைக்கு உயிரோடு இருப்பான்.