கதவுத் திரையில் தெரிந்த முகம்

ஜூலை ஒன்பது, வியாழன், மாலை ஆறேகால் மணி, விடாத தூறல். அன்று நான் குடையை எடுத்துவர மறந்திருந்தேன்.

திரைக்கதைகளைப் படித்து, அவற்றின் தர்க்கப் பிழைகளைச் சுட்டுவது என் தொழில். சந்தேகத்துக்குரிய காட்சியை நேரில் நடத்திப் பார்க்காமல் நிராகரிப்பதில்லை என்பது எங்கள் நிறுவனத்தின் வழக்கம். பெரும்பாலும், நாற்காலியால் அடித்தால் கதவு உடையுமா என்பது போன்ற எளிய சோதனைகள்தாம்.

என் தங்கையின் கணவர் ஓர் அறிவியல் புனைவுத் திரைக்கதை எழுதி, ஒரு தயாரிப்பாளர் வழியாக என் பார்வைக்கு அனுப்பியிருந்தார். ஒருவனுடைய இணையக் கணக்குகளை வேறொருவன் கைப்பற்றுகிறான். அன்று மாலையே மனைவி தன் கணவனை அந்நியன் என்று விரட்டுகிறாள்.

"காதுல பூ சுத்தாதீங்க மாப்பிள்ளை. கட்டின பொண்டாட்டிக்குப் புருஷனத் தெரியாதா?" என்றேன்.

"பயம் வந்துட்டா யாருக்கும் யாரையும் தெரியாது மச்சான். வேணும்னா நடத்திப் பாருங்களேன்," என்று சிரித்தார்.

அதை அனுமதியாகவே கருதினேன். மறதிக்காரர், தம் கடவுச்சொற்கள் அனைத்தையும் என்னிடம் கொடுத்துவைத்திருந்தார். அவற்றை மாற்றினேன். அவருடைய கைப்பேசி முடங்கியது. அந்தக் கைப்பேசியைக் கொண்டு திறக்கும் வீட்டுக் கதவும் திறக்கவில்லை. அவர் கணக்கிலிருந்து தங்கைக்குச் செய்தி அனுப்பினேன்: "என் முகத்தையும் குரலையும் எவனோ காப்பி அடிச்சிட்டான். கதவு கேமரா ஸ்கிரீன்ல நான் தெரிஞ்சாலும் திறக்காத."

சற்று நேரத்தில் அவள் என்னை அழைத்தாள்.

"அண்ணா, வந்துட்டான். அவர மாதிரியே பேசுறான், அழுறான். பாப்பாவோட செல்லப் பேரக்கூடச் சொல்றான். ஒருவேள அவரேதானா?"

கதை இந்த இடத்தில்தான் உடையும் என்று முன்பே கணித்திருந்தேன். எனினும், சோதனை பாதியில் நின்றுவிடலாகாது.

"அவர் என் பக்கத்துலதான் இருக்காரு. திறக்காதம்மா," என்றேன்.

குழந்தை வீறிட்டது வெளியேயும் கேட்டிருக்க வேண்டும். அவர் கீழே இறங்கி, மழைநீர்க் குழாயைப் பற்றி, மூன்றாம் மாடிச் சமையலறை ஜன்னல்வரை ஏறினார். குழாய் ஈரமாக இருக்கும் என்பது திரைக்கதையில் இல்லாத விவரம். உள்ளே நுழைந்த கையை அவள் வாணலியால் அடித்தாள். விரலிலிருந்த மோதிரம் யாருடையது என்பதைக் கை மறைந்த பிறகே உணர்ந்தாளாம். அவர் கீழே விழுந்த சத்தம் கேட்கும்வரை நான் இணைப்பில்தான் இருந்தேன்.

"உங்க தங்கச்சி அந்த மெசேஜ நம்பலய்யா. உங்களத்தான் நம்பிச்சு," என்று சற்றுமுன் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். நியாயமான கருத்து, ஏற்கிறேன். தவறை ஒப்புக்கொள்ள நான் என்றும் தயங்கியதில்லை.

இதோ, கையொப்பமிட்ட என் தீர்ப்பு. தயாரிப்பாளரிடம் சேர்த்துவிடுங்கள்: "தர்க்கப் பிழை இல்லை. படமாக்கலாம். அண்ணன் பாத்திரம் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளவும்."