கித்தேரி அடுப்பு

விசைப்படகும் ஐஸ் பெட்டியும் இந்தக் கரைக்கு வராத காலத்துல, பாயும் துடுப்பும் மட்டுமே இருந்த காலத்துல, இந்தச் சிப்பிமுனை ஊருல கித்தேரின்னு ஒருத்தி இருந்தாளாம்.

கித்தேரி எதைக் கண்டாலும் கேப்பாளாம். மீனு ஏன் கண்ண மூடாமத் தூங்குது. கடலுக்குப் பக்கத்துலயே தோண்டுன கெணத்துத் தண்ணி எப்படி இனிக்கிது. அவ கல்யாணத்துல, தாலி கட்டப் போற நேரத்துல, "சாமி, முடிச்சு ஏன் மூணு? ரெண்டு போட்டா அவுந்துருமா?"ன்னு பங்குச் சாமியார்கிட்டயே கேட்டாளாம். அவ ஆத்தா தலையில அடிச்சிக்கிட்டாவளாம். மாப்பிள்ளை அருளப்பன் மட்டும் குனிஞ்சிக்கிட்டுச் சிரிச்சானாம்.

அருளப்பன் சங்கு குளிக்கிறவன். கித்தேரி தம்பி இஞ்ஞாசியும் சங்கு குளிக்கிறவன். ரெண்டு பேரும் ஒரே வள்ளம். இடுப்புல கயிறு, காலுல கல்லு. கல்லோட இறங்கி, மூச்சு இருக்கிற வரைக்கும் தரையத் தடவி, சங்கப் பொறுக்கிக்கிட்டுக் கயித்த அசைச்சா, மேல இருக்கவன் இழுத்துத் தூக்குவானாம். கீழ குளிரு எலும்புக்குள்ள ஏறும். காது குத்தும். அதுக்காக வள்ளத்துக்கு மூத்தவரு, தண்டல்னு சொல்லுவாவ, அவரு காலையில ஆளுக்கொரு அபின் உருண்டை குடுப்பாராம். மிளகு அளவுதான். வாயில போட்டா குளிரு தெரியாது, வலி தெரியாது, பயமும் தெரியாது.

காத்து மாறினா சங்கு குளிக்கிறது நின்னுரும். வள்ளத்தக் கரையேத்திருவாவ. முக்காவாசிப் பேரு அந்த உருண்டைய மறந்துருவாவளாம். சில பேரால மறக்க முடியாது. இஞ்ஞாசியால மறக்க முடியல.

அபின் வாங்கியே ஆத்தாவோட காதுப் பாம்படம் போச்சு. வலை போச்சு. நிச்சயம் பண்ணின பொண்ணு வீட்டுல வேண்டாம்னுட்டாவ. கோயில் காரியம் பாக்கிற உபதேசியாரு அவனக் கூப்பிட்டு, "சிலுவையத் தொட்டுச் சத்தியம் பண்ணு"ன்னாராம். பண்ணினான். கொஞ்ச நாள் இருந்தான், பெறகு உருண்டைக்கே போனான். மொட்டையடிச்சுப் பாத்தாவ, போனான். கோயில் தூண்ல கட்டிப் போட்டாவ. ஒரேயடியா நிறுத்தினதுல உடம்பு முறுக்கி, வாந்தியும் பேதியுமா சாகக் கெடந்தான். பயந்துபோய் அவுத்து விட்டாவ. திரும்பவும் போனான்.

கடைசியில ஊரு கூடிச்சாம். "அவன்கூட யாரும் பேசக்கூடாது. நெருப்பும் தண்ணியும் குடுக்கக்கூடாது. அப்பத்தான் புத்தி வரும்"னு கட்டுப்பாடு போட்டாவளாம்.

தெக்க ஒரு ஒடஞ்ச வள்ளம் கவுந்து கெடந்துச்சு. இஞ்ஞாசி அதுக்கடியில போய்ப் படுத்துக்கிட்டானாம். புத்தி வரல. இன்னும் கூடத்தான் தின்னானாம்.

கித்தேரி அழுதா. ஏசவும் செஞ்சா. ஆனா ஒரு கேள்வி மட்டும் அவ தொண்டையில மீன்முள்ளு மாதிரி நின்னுச்சாம். ஒரே வள்ளம். ஒரே தண்டல். ஒரே உருண்டை. எம் புருசனப் பிடிக்காதது எந்தம்பிய ஏன் பிடிச்சிது?

வீட்டுல சோறு போட்டுக்கிட்டே அருளப்பன்கிட்ட கேட்டாளாம். "ஏங்க, அந்த உருண்டை உங்களுக்குப் பிடிக்கலையா?"

"ஏன் பிடிக்காம? நல்லாத்தான் இருக்கும்."

"அப்போ ஏன் விட்டிய?"

அருளப்பன் யோசிச்சானாம். அவன்கிட்ட யாரும் அதக் கேட்டதில்ல. "எனக்குச் சின்ன வயசுலயே காதுச் சவ்வு கிழிஞ்சு, வலி விட்டுப்போச்சு. உந்தம்பிக்குச் சீழ் நிக்கவே இல்ல. அது ஒண்ணு."

"வேற?"

"கரைக்கு வந்ததும் நீ கஞ்சியும் கையுமா நின்னு கேப்பியே. பாறை எப்படி இருந்துச்சு, என்ன நிறத்துல மீனு வந்துச்சு, பயந்தியளான்னு. சில நாள் எரிச்சலா வரும். ஆனா சொல்லி முடிச்சா, அப்பத்தான் தண்ணிய விட்டு முழுசா வெளிய வந்த மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் அது வேணும்னு தோணாது."

கித்தேரிக்குத் தூக்கம் போச்சாம். மறுநாளே ஊருல உருண்டை திங்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் போனாளாம். புத்தி சொல்லப் போகல. கேக்கத்தான் போனா.

ஒருத்தன் சொன்னானாம், "எங்கய்யாவும் தின்னாவ, அவுக அய்யாவும் தின்னாவ. எங்க ரத்தத்துக்கு அது ஒத்துக்கிடுது போல." இன்னொருத்தன் சொன்னானாம், "தொட்டில்ல கெடந்து அழுதா எங்கம்மா நாக்குல தடவி விட்டுட்டு மீன் விக்கப் போவாளாம். அன்னைக்கே பழகிட்டேன்." பொண்டாட்டி செத்துப்போன சலமோன்னு ஒருத்தன், "விளக்கேத்த ஆளில்லாத வீட்டுக்குத் தெளிஞ்ச கண்ணோட எப்படிப் போக?"ன்னானாம். வாசல் வேற வேற. உள்ள வந்து உக்காந்தது மட்டும் ஒண்ணு.

பெறகு தொம்மைன்னு ஒரு கிழவரப் பாத்தாளாம். அவரு ஒரு காலத்துல ஊருலயே பெரிய அபின்காரரு. இப்போ தொடுறதில்ல.

"தொம்மை மாமா, நீங்க எப்படி விட்டிய?"

"நான் எங்க விட்டேன்? அது என்ன விட்டுட்டுப் போச்சு" அப்படின்னாராம்.

"வெளங்கலையே மாமா."

"மக ஊருக்குப் போயிருந்தேன். வெத்தலக் கொடிக்காலு. விடிஞ்சா தண்ணி எறைக்கணும். பொழுது சாஞ்சா பேரப்பிள்ளைங்க எம்மேல ஏறி மிதிக்கும். மக என்ன ஒரு வார்த்த ஏசல. உருண்டையில கொஞ்சம் கிள்ளிட்டு அந்த எடத்துல கருப்பட்டிய வச்சு உருட்டித் தருவா. நாளாக நாளாக அபின் கொறஞ்சுச்சு, கருப்பட்டி கூடிச்சு. ஒரு நாள் பாத்தேன், அந்த நெனப்பே வரல. அங்க எனக்கு வேற ஜோலி இருந்துச்சு, தாயி."

கித்தேரி நேரா வீட்டுக்குப் போனா. சட்டி எடுத்தா, மாவு எடுத்தா, கருப்பட்டி எடுத்தா. ஒடஞ்ச வள்ளத்துக்குப் பக்கத்துல மூணு கல்லக் கூட்டி அடுப்பு வச்சு, களி கிண்டினாளாம். ஊருக் கட்டுப்பாடு நெருப்புக் குடுக்கக்கூடாதுன்னுதான. அவ குடுக்கல. அங்கயே பத்த வச்சிக்கிட்டா.

இஞ்ஞாசி வெளிய வரல. அவ களிய வச்சிட்டு வந்தா. மறுநாளும் போனா. அதுக்கு மறுநாளும் போனா. உப்ப வறுத்து, துணியில முடிஞ்சு, அவன் காதுக்கு ஒத்தடம் குடுத்தா. அவன் உருண்டையக் கேட்டு வாங்கி, அதுல கிள்ளிட்டுக் கருப்பட்டி வச்சு உருட்டிக் குடுத்தா. அவன் ஏசினான். சட்டியத் தட்டி விட்டான். அவ வேற சட்டி கொண்டு போனா.

உபதேசியாரு வந்தாராம். "கித்தேரி, நீ ஊருக்கட்ட மீறுத."

"கட்டுப் போட்டதுக்குப் பெறகு அவன் கொறைச்சானா கூட்டினானா? தெரிஞ்சிக்கிடத்தான் கேக்கேன், ஐயா."

உபதேசியாரு அடுப்பையும் களியையும் பாத்தாராம். பெறகு போய்ட்டாராம்.

ஒரு சாயங்காலம். கடல் அடங்கிக் கெடக்கு. இஞ்ஞாசி அடுப்புப் பக்கம் வந்து குத்தவச்சிருக்கான். கித்தேரி களியக் கிண்டிக்கிட்டே, புருசன்கிட்ட கேக்கிற மாதிரியே அவன்கிட்டயும் கேட்டாளாம்.

"ஏலே, கீழ எப்படி இருந்துச்சு?"

"எப்போ?"

"நீ கடைசியா முங்குனப்போ."

இஞ்ஞாசி ஒரு வெறக அடுப்புக்குள்ள தள்ளினான். அவ கிண்டிக்கிட்டே இருந்தா. பெறகு அவன் சொன்னானாம்.

"ரொமால்டு கை பாறை இடுக்குல மாட்டிருந்துச்சுக்கா."

ரொமால்டு அவனோட சோட்டுக்காரன். ரெண்டு பேரும் ஒண்ணா இறங்குவாவ. முந்துன வருசம் அவன் கடல்லயே போய்ட்டான். கயிறு அறுந்துச்சு, ஆள் வரல, அம்புட்டுத்தான் ஊருக்குத் தெரியும்.

"நான் பிடிச்சு இழுத்தேன். வரல. எனக்கு மூச்சு முடியுது. அவன் என்னப் பாத்தான். மறு கையால மேல மேலன்னு காட்டினான். நீ போ, நீ போன்னு. நான் வந்துட்டேன். திரும்ப இறங்கித் தேடுனா எடம் தெரியல."

"இத ஏம்லே நீ யார்கிட்டயும் சொல்லல?"

"எல்லாரும் பொணம் கெடைக்குமான்னு கேட்டாவ. என்ன பாத்தன்னு யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லிருப்பேன். கண்ண மூடினா அந்தக் கை வருதுக்கா. உருண்டையப் போட்டா வரல."

கித்தேரிக்கு அன்னைக்குத்தான் வெளங்கிச்சாம், அவன் எந்த வாசல்ல மாட்டிக்கிட்டு நிக்கான்னு.

அவ அத மனசுக்குள்ள வச்சிக்கிடல. இஞ்ஞாசிகிட்ட கேட்டுக்கிட்டு, ரொமால்டோட அம்மா பிரகாசியம்மாகிட்ட போய்ச் சொன்னாளாம். அருளப்பன் பதறிட்டான். "அந்தம்மா இவனக் கொன்னே போடும்"னானாம்.

பிரகாசியம்மா வந்தாவ. கறுப்புச் சேலை. அடுப்புக்கு எதுக்க உக்காந்தாவ. இஞ்ஞாசி தலைய நிமுத்தல.

"எம்மவன் பயந்தானா?"ன்னு கேட்டாவளாம்.

"இல்ல மாமி. எனக்குத்தான் பயம். அவன் என்ன மேல போகச் சொன்னான்."

"கையக் காட்டுனானாமே. எப்படிக் காட்டுனான்?"

இஞ்ஞாசி கையத் தூக்கிக் காட்டினானாம். பிரகாசியம்மா அந்தக் கையப் பாத்தாவ. பாத்துக்கிட்டே இருந்தாவ. பெறகு அந்தக் கையப் பிடிச்சு மடியில வச்சிக்கிட்டாவளாம். "சின்னதுலருந்தே அவன் எதையும் அடுத்தவனுக்குத்தான் மொதல்ல குடுப்பான்"னு சொன்னாவளாம். களி ஆறிப்போச்சு. ரெண்டு பேரும் ஆறின களியத்தான் தின்னாவளாம்.

மறுநாள் அந்தம்மாவே வெறகு கொண்டு வந்தாவ. பெத்தவளே வந்துட்டா, பெறகு ஊருக்கு என்ன கட்டுப்பாடு? தொம்மை மாமா வந்தாரு. உபதேசியாரு வந்தாரு, கொஞ்சம் தள்ளி நின்னாரு, பெறகு உக்காந்தாரு.

அதோட எல்லாம் சரியாப் போச்சுன்னா அது பொய்க்கதை. சங்குக் காலம் திரும்பி வந்ததும், மொத வள்ளம் இறங்கின அன்னைக்கே இஞ்ஞாசி காணாமப் போனானாம். கண்ணு சொருகித் திரும்பி வந்தான். "நான் உருப்பட மாட்டேன், விட்டுரு"ன்னானாம். கித்தேரி ஏன் தின்னன்னு கேக்கல. "இன்னைக்கு என்ன நடந்துச்சு?"ன்னு கேட்டா. "கயித்தப் பாத்தேங்கா"ன்னானாம். "சரி, உக்காரு"ன்னா. மறுபடி கருப்பட்டி, மறுபடி ஒத்தடம், மறுபடி களி.

அதுக்கப்புறம் அவன் முங்கப் போகல. மேல நின்னு கயிறு பிடிக்கிற வேலைக்குப் போனான். பிரகாசியம்மாதான் தண்டல்கிட்ட பேசி வாங்கிக் குடுத்தாவளாம். அவன் கயிறு பிடிச்சா கீழ இருக்கவன் பயப்பட மாட்டானாம். சின்ன அசைவுக்கே இழுத்துருவான். எப்போ உருண்டைய விட்டான்னு கேட்டா அவனுக்கே தெரியாதாம்.

சலமோன் மீளல. அடுப்புக்கு வருவான், களி திம்பான், பேசவும் செய்வான், ஆனா மீளல. ஒரு மழைக்காலத்துல செத்துப்போனான். அவனுக்குள்ள இன்னும் என்ன இருந்துச்சு, எதக் கேக்காம விட்டேன்னு கித்தேரி சாகிற வரைக்கும் யோசிச்சாளாம்.

அந்த மூணு கல்லுதான் தெக்க, பனைக்குக் கீழ கெடக்கு. கித்தேரி அடுப்புன்னு பேரு. கடலுக்குப் போய்ட்டு வர்றவன் மொதல்ல அங்க வந்து உக்காரணும். ஒருத்தர் கஞ்சி குடுக்கணும், ஒருத்தர் கேக்கணும், "கீழ எப்படி இருந்துச்சு?"ன்னு. கேக்கிறவங்க புத்தி சொல்லக்கூடாது. இப்போ சங்கு குளிக்கிறவங்க கொறைவு. திருப்பூருலருந்து, துபாயிலருந்து பிள்ளைங்க வருது. ஒயின்ஷாப்பே கதின்னு கெடந்தவன் வாரான். அவங்கிட்டயும் அதே கேள்விதான். பஸ்ல வந்தவனுக்கு ஏது கீழயும் மேலயும்னு வெளியூர்க்காரங்க சிரிப்பாவ.

சில பேரு உடனே சொல்லும். சில பேரு நாலு நாள் வந்து சும்மா உக்காந்துட்டுப் போகும். அதுவரைக்கும் யாராவது ஒருத்தர் வெறகு கொண்டு வருவோம்.